இறைக்கிற கிணறு ஊறுமா?



இந்த இதழில் நாம் வழக்கமாக வரி, உரிமம், தராசு முத்திரை, பாக்கி வசூல் என்றே எழுதி வருகிறோம். இம்முறை நிலத்தடி நீரைப் பற்றி எழுதுகிறோம். தண்ணீருக்கும் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், கோடை மாதங்களில் கடைக்கும் குடோனுக்கும் லாரித் தண்ணீருக்காகக் கொடுத்த ரூபாயைச் சிட்டையில் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் போதும்.

'இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பழமொழியில் தவறில்லை. ஆனால் அது பிறந்த காலத்தில் கிணற்றில் ஏற்றமும் கவலையும்தான் இருந்தன. இரண்டு மாடுகள் கட்டிப் பகலெல்லாம் கவலை இறைத்தாலும், ராத்திரி மாடு படுத்துவிடும். கிணறு விடிவதற்குள் ஊறிவிடும். மாட்டின் பலமே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. எனவே பழமொழியை நம்பி இறைத்துக்கொண்டிருந்தால், ஒருநாள் ஊறாத கிணற்றின் முன்னால்தான் நிற்போம்.

வட்டியும் முதலும்

வியாபாரிக்குப் புரிகிற கணக்கில் சொல்வோம். நிலத்தடி நீரில் இரண்டு பகுதி உண்டு. ஆண்டுதோறும் மழையால் இறங்குவது வட்டி. நெடுங்காலமாக அடியில் தேங்கி நிற்பது முதல். வட்டியை மட்டும் செலவு செய்தால் குடும்பம் தலைமுறைக்கும் நடக்கும். முதலில் கை வைத்தால் சில காலம் மிக வசதியாக இருக்கும். பிறகு கடை மூடவேண்டும்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. இங்கே அடியில் ஏரி போலத் தண்ணீர் நிற்பதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதன் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்குகிறது. ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். இரண்டு மடங்கு ஆழம் போட்டால் இரண்டு மடங்கு தண்ணீர் என்று எண்ணுவது தப்புக் கணக்கு.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,047 லிட்டர். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில், பாறைப் பகுதியாக இருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. அப்படியானால் ஏக்கருக்கு ஆண்டு வட்டி சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். ஒரு ஏக்கர் கரும்புக்கு மொத்தத் தேவை சுமார் 2,000 மில்லிமீட்டர், அதாவது சுமார் 81 லட்சம் லிட்டர். இதில் பாதியை மழையே நேராகத் தந்துவிட்டதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், மீதி 40 லட்சம் லிட்டருக்கு மேல் கிணற்றிலிருந்து வரவேண்டும். அது பதினான்கு ஏக்கரின் வட்டி. பாய்ச்சியதில் ஒரு பகுதி மறுபடி கீழே இறங்கும் என்று தள்ளிக் கொடுத்தாலும் பத்து ஏக்கர் வட்டியை ஒரு ஏக்கர் கரும்பு குடித்துவிடுகிறது. நிலக்கடலைக்குத் தேவை சுமார் 500 மில்லிமீட்டர்தான்.

உலகில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைப் பிர்கா வாரியாகப் போட்டு வந்தார்கள். 1,100-க்கு மேற்பட்ட பிர்காக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஆண்டு வட்டியை விட அதிகமாக எடுப்பவை என்று அந்த மதிப்பீடுகளில் பட்டியலிடப்பட்டன. அங்கெல்லாம் முதலைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

புத்திசாலிகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள் என்று சுவரெங்கும் எழுதி வைத்திருக்கிறோம். படிக்காதவர் இல்லை. ஆனாலும் மட்டம் இறங்குகிறது. காரணம் அறியாமையோ பேராசையோ மட்டுமல்ல. கணக்கின் அமைப்பே அப்படி இருக்கிறது.

ஐந்து பங்காளிகள் சேர்ந்த கடை ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். கல்லாப்பெட்டி பொது. யார் எவ்வளவு எடுத்தார் என்று சிட்டை எழுதும் வழக்கம் இல்லை. கணக்கு முடிக்கும் நாளும் இல்லை. ஒரு பங்காளி நூறு ரூபாய் எடுத்தால் நூறும் அவருக்கு. நஷ்டத்தில் அவர் பங்கு இருபதுதான். அவர் எடுக்காமல் விட்டால் அந்த நூறு கல்லாவில் தங்குமா? மாலைக்குள் இன்னொருவர் எடுத்துவிடுவார். இந்தக் கடையில் நாணயமாக இருப்பவர்தான் முதலில் ஏமாளி ஆவார். பங்காளிகள் ஐவரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. கடை தானே மூழ்கும். நிலத்தடி நீர் இப்படிப்பட்ட கல்லாப்பெட்டி.

இதை நாங்கள் அனுபவத்திலேயே கண்டோம். எங்கள் கடைத் தெருவில் ஐந்து குடோன்களுக்குப் பின்னால் பொதுக் கிணறு ஒன்று இருந்தது. 1980-களின் கடைசியில் ஒருவர் 180 அடியில் போர் போட்டார். அடுத்த கோடையில் கிணற்றில் மட்டம் இறங்கியது. அடுத்தவர் 250 அடி போட்டார். மூன்றாவதாகப் போட்டவர்கள் நாங்கள்; 400 அடி. பிறகு மற்ற இருவருக்கும் வேறு வழி இல்லை. சில ஆண்டுகளில் முதலாமவருடைய போர் வற்றி, அவர் மறுபடி 650 அடிக்குப் போனார். பொதுக் கிணறு குப்பைக் குழியாகி, இன்று அதன் மேல் சிமெண்டு மூடி போட்டு வண்டி நிறுத்துகிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து குடோன்களுக்கும் தேவைப்பட்ட தண்ணீர் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. கூடியது ஆழமும் செலவும்தான். எங்கள் ஐவரால் மட்டும் ஊர்த் தண்ணீர் இறங்கிவிடவில்லை. தெருவுக்குத் தெரு இப்படி ஐவர் இருந்தார்கள். ஒவ்வொருவர் செய்ததும் அவரவருக்கு நியாயமாகத்தான் பட்டது. எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

திறந்த பேரேடும் மூடிய பேரேடும்

பழைய கிரையப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிலத்தை எழுதும்போதே, 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும், முறைப்படி இறைத்துக்கொள்ளும் பாத்தியமும்' என்று எழுதுவார்கள். நான்கு அண்ணன் தம்பிகள் என்றால் ஆளுக்கு ஒரு நாள் முறை. சண்டை வராமல் இல்லை. வரப்புச் சண்டையைவிடக் கிணற்றுச் சண்டை பெரிது. ஆனாலும் அந்த ஏற்பாடு தலைமுறைகள் நின்றது. ஏன்?

திறந்த கிணறு ஒரு திறந்த பேரேடு. யார் வேண்டுமானாலும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் இருப்பு தெரியும். எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்பதே கணக்கு. இன்று யார் முறை, அவர் எத்தனை நேரம் இறைத்தார் என்பது ஊருக்கே தெரியும். ஏரிப் பாசனத்திலும் இப்படியே. நீர்க்கட்டி என்று ஒருவரை ஊரே வைத்து, நெல்லாகக் கூலி கொடுத்து, மடை திறப்பதையும் அடைப்பதையும் அவரிடம் விட்டார்கள்.

போர் ஒரு மூடிய பேரேடு. ஆறு அங்குலக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் இருட்டுதான். எவ்வளவு இருக்கிறது, பக்கத்துக்காரர் எவ்வளவு எடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. அண்ணன் தன் பங்கு நிலத்தில் போர் போட்ட அன்றே, பத்திரத்தில் எழுதிய நாலில் ஒரு பங்கு வெறும் எழுத்தாகிவிடுகிறது. கணக்குத் தெரியாத இடத்தில் கூட்டு நிலைக்காது என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் மின்சாரமும்

1882-ம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டப்படி, தன் நிலத்தின் கீழ் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உண்டு. மோட்டார் இல்லாத காலத்துச் சட்டம் அது. மண்ணுக்கு எல்லைக்கல் நடலாம். தண்ணீருக்கு எல்லைக்கல் கிடையாது. நம் நிலத்தில் இறைத்தால் அடுத்த நிலத்திலிருந்தும் வரும்.

சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987-ல் தனிச் சட்டம் வந்தது. மாநில அளவில் 2003-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். அது 2013-ல் நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுகளுக்கும் மின்சாரம் இலவசம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. விளைபொருளுக்குக் கட்டுபடியான விலை கிடைக்காத விவசாயிக்கு அது பெரிய ஆதரவு. அவர் கையில் பணம் புழங்கினால்தான் நம் கடையிலும் வியாபாரம். ஆனால் விளைவையும் சொல்ல வேண்டும். கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு பைசா செலவில்லை என்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திவிட்டுத் தூங்குகிறார்கள். தண்ணீர் எடுப்பதற்குச் செலவில்லை. தண்ணீரைத் தேடுவதற்குத்தான் செலவு. எனவே போட்டி முழுவதும் ஆழம் போடுவதில் நடக்கிறது.

அப்படியானால் விலை வைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? நகரத்தைப் பாருங்கள். லாரித் தண்ணீருக்கு விலை இருக்கிறது. விலை ஏற ஏற, நகரத்தை ஒட்டிய தோட்டக்காரர் வெள்ளாமையை விட்டுவிட்டுத் தண்ணீரையே விற்கிறார். ஏனென்றால் அந்த விலையில் கிணற்றுக்குச் சேர வேண்டிய பங்கு எதுவும் இல்லை. டீசலும், லாரி வாடகையும், கூலியும், லாபமும்தான் இருக்கின்றன. விலை மட்டும் போதாது. எடுக்கும் அளவுக்கு ஒரு வரம்பும், அதைப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

ஆழம் போடும் பந்தயத்தில் முதலில் தோற்பவர் சிறு விவசாயி. 80 அடிக் கிணறு வற்றியதும் கடன் வாங்கி 500 அடி போடுகிறார். தண்ணீர் கிடைக்காவிட்டால் புகைதான் வரும், கடன் நிற்கும். அந்தக் கடனில் ஒரு பகுதி நம் மண்டிகளில் கொடுத்த முன்பணம் என்பதை நாம் மறைக்க முடியாது. அவர் போர் புகைந்தால் நம் பேரேட்டிலும் வராக் கடன் ஏறும்.

கடற்கரைப் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் பல ஆண்டுகள் அதிகமாக எடுத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஏறிவிட்டது. பின்னர் அதே மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைக்க வேண்டி வந்தது; அது 2010-ல் திறக்கப்பட்டது. மழை இலவசமாகத் தந்ததைத் தொலைத்துவிட்டு, விலை கொடுத்துத் தயாரிக்கிறோம்.

மூழ்காமல் கரையேறியவர்கள்

பொதுச் சொத்து அழிந்தே தீரும், அதைச் சர்க்கார் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்குப் பங்கு போட வேண்டும் என்று நெடுங்காலம் பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர். 1965-ல் அவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து நிலத்தடி நீரைத்தான்.

அங்கே வெஸ்ட் பேசின் என்ற பகுதியில் நகராட்சிகளும், தண்ணீர்க் கம்பெனிகளும், எண்ணெய் ஆலைகளும் போட்டி போட்டு இறைத்தன. கடல்நீர் ஏறியது. 1945-ல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தின் மூலம் முதலில் நடந்தது, யார் எவ்வளவு எடுக்கிறார், மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கெடுப்பு. கணக்கு எல்லோர் கையிலும் வந்த பிறகு, தீர்ப்புக்குக் காத்திராமல் அவர்களே பேசி, எல்லோரும் விகிதப்படி குறைத்துக்கொள்வது என்று 1950-களின் நடுவில் இடைக்கால ஒப்பந்தம் செய்தார்கள்.

அதில் ஒரு ஷரத்து நம் கவனத்துக்கு உரியது. மொத்த உரிமையில் 80 சதவீதம் வைத்திருப்பவர்கள் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும். அதுவரை கையெழுத்திட்டவரையும் அது கட்டாது. நான் மட்டும் குறைத்து மற்றவர் குறைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இதனால் போயிற்று. பிறகு, ஒவ்வொருவரும் எடுத்த அளவை ஆண்டுதோறும் பெயர் வாரியாக அறிக்கையாக வெளியிட ஒருவரை அமர்த்தினார்கள். தன் பங்கு முழுவதும் தேவைப்படாதவர் அதை மற்றவருக்கு வாடகைக்கோ கிரயத்துக்கோ விடவும் வழி வைத்தார்கள்.

அது பணக்கார நாடு என்று சொல்லலாம். மகாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பாஜார் என்ற சிற்றூர் இருக்கிறது. இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாறியுள்ள அகமதுநகர் மாவட்டத்தின் வறண்ட பகுதி அது. 1989-ல் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானார். மலைச்சரிவில் வரப்பும் தடுப்பும் கட்டினார்கள். அதோடு நின்றிருந்தால், தேங்கிய தண்ணீரை நான்கு பேர் ஆழமாகப் போர் போட்டு எடுத்திருப்பார்கள். பாசனத்துக்குப் போர் போடுவதில்லை, கரும்பும் வாழையும் வைப்பதில்லை என்று ஊரே கட்டுப்பாடு செய்தது. மழைக்குப் பிறகு ஆண்டுதோறும் தண்ணீர் வரவு செலவுக் கணக்குப் போட்டு, மழை குறைந்தால் அடுத்த வெள்ளாமையையும் குறைக்கிறார்கள். பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டக் கிராமங்களில் 2013-ல் ஆய்வாளர்கள் விவசாயிகளிடம் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். ஒவ்வொருவரும் அதிகத் தண்ணீர் குடிக்கும் பயிரா, குறைவாகக் குடிக்கும் பயிரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று பொது நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று சொல்லப்படும். சில சுற்றுகளில் பேசக்கூடாது. சில சுற்றுகளில் பேசலாம். விளையாட்டு முடிந்ததும் ஊராரைக் கூட்டி நடந்ததைப் பேசினார்கள். பின்னர் போய்ப் பார்த்தபோது, இது நடந்த ஊர்களில் தண்ணீர்ப் பதிவேடும் கட்டுப்பாடுகளும் மற்ற ஊர்களைவிட அதிகமாக ஏற்பட்டிருந்தன. தெரியாததைச் சொல்லிக் கொடுத்ததால் மட்டும் இது நடக்கவில்லை. அடுத்தவரும் இதே கவலையில்தான் இருக்கிறார் என்பது ஒவ்வொருவருக்கும் வெளிச்சமாயிற்று.

இந்த இடங்களையெல்லாம் பார்த்தால் பொதுவாக நான்கு விஷயங்கள் தெரிகின்றன. இருப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிறது. யார் எவ்வளவு எடுக்கிறார் என்பது மறைவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் குறைக்கிறார்கள். ஒருவரை மட்டும் தியாகியாக்குவதில்லை. மீறுபவரைக் கேட்க, எங்கிருந்தோ வரும் அதிகாரி அல்லாமல், தண்ணீர் எடுப்பவர்களே நியமித்த ஆள் இருக்கிறார்.

நம்மால் ஆவது

2003-ல் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நம் கட்டிடங்களிலும் குழாய் வைத்தோம். எத்தனை குழாய்களின் கீழே இன்று தொட்டி தூர்ந்து கிடக்கிறது என்பதை அவரவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வட்டியைக் கூட்டுவது அந்த வேலை. அதை உடனே செய்ய வேண்டும். ஆனால் எடுப்பதற்குக் கணக்கில்லாமல் சேமிப்பது, ஓட்டைப் பெட்டியில் காசு போடுவதுதான்.

சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, ஒவ்வொரு தெருவிலும் போர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஆழம், மோட்டார் குதிரைத்திறன், நாளொன்றுக்கு ஓடும் நேரம், கோடையிலும் மழைக்குப் பின்னும் நீர்மட்டம் ஆகியவற்றைச் சங்கத்தில் எழுதித் தரவேண்டும். அது அறிவிப்புப் பலகையில் தெரு வாரியாக ஒட்டப்படும். இரண்டாவது, ஒரு தெருவில் ஐந்தில் நான்கு பேர் கையெழுத்திட்டால், அந்தத் தெருவில் புதிதாக ஆழம் போடுவதில்லை என்றும், இருக்கிற போரைப் பங்கிட்டுக்கொள்வதென்றும் ஒப்பந்தம் அமலுக்கு வரட்டும். அதுவரை யாரையும் கட்டாது. மூன்றாவது, மண்டிக்காரர்கள் போர் போட முன்பணம் கொடுப்பதைக் குறைத்து, சொட்டு நீர்க் குழாய்க்கும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிர் விதைக்கும் கொடுக்கட்டும். நிலக்கடலை, எள், சிறுதானியம் கொண்டுவரும் விவசாயிக்கு அன்றைக்கே பட்டுவாடா செய்தால், அடுத்த ஆண்டு அவரே கரும்பைக் குறைத்துக்கொள்வார்.

போர் விவரத்தை வெளியே சொன்னால் தொல்லை வராதா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். பேரேட்டை மறைத்த கூட்டு எதுவும் நீடித்ததாக நாம் பார்த்ததில்லை. எங்கள் குடோன் போரின் விவரம் இந்த இதழ் வெளிவரும் நாளில் சங்கப் பலகையில் இருக்கும்: ஆழம் 850 அடி, ஓட்டம் நாளுக்கு இரண்டு மணி நேரம், பங்குனியில் நீர்மட்டம் 610 அடி. முதல் போர் போட்டபோது 90 அடியில் இருந்தது. அதற்குக் கீழே மற்ற உறுப்பினர்களும் தங்கள் கணக்கை எழுதி உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.